வேலிக்கு மேலே சூரியன்

குமரப்பன் ஈப்போவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1980இல் சூரியனில் கரும்புள்ளிகள் நிறையத் தெரியும் என்று படித்துவிட்டு, சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைநோக்கியை வரவழைத்தார். மதியத்துக்குள் மேகம் கூடிவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வெயில் வந்ததுமே அதை வீட்டுப் பின்புறத்தில் நிறுத்துவார். அதன் குழாயில் கண் வைத்துச் சூரியனைப் பார்த்தால் பார்வை போய்விடும். அதனால் பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்து, அதைக் கேமராவில் படம் பிடிப்பார். வெளிச்சம் மறைக்கத் தலையோடு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்திருப்பார்.

ஒரு ஞாயிறு, துணிக்குள் இருந்தபோது சுத்தியல் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் சதாசிவம் கம்பி வேலியில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்திலிருந்து குடிவந்தவர்.

"என்னண்ணே, கோழி வளக்கப் போறீங்களா?"

சதாசிவம் திரும்பவில்லை. வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்தார். "வயசுப் புள்ள இருக்கிற வீடு சார்."

குமரப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு குழாய் நீண்டிருந்த திசையைப் பார்த்தார். சூரியனுக்கு நேர் கீழே அவர்களின் குளியலறை ஜன்னலும் துணி காயும் கம்பியும் இருந்தன. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

சமையலறைக்குள் போனார். மனைவி செகப்பி தோசைக்கல்லை விட்டு நிமிராமலே பேசினாள்.

"பக்கத்து வீட்டு நல்லம்மாள் போன வாரமே பசார்ல காய் வாங்கறப்ப சொன்னா. அவ மக பாப்பா குளிக்கப் போகவே பயப்படுதாம். 'கறுப்புத் துணியப் போட்டுக்கிட்டு உங்க வீட்டுக்காரர் என்னத்தப் பாக்கறார்'னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை."

"நான் அட்டையிலதான் பாக்கறேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். சுத்தி நாலு பேரு நின்னாங்க. எனக்கு வாயே வரலை."

நீயும் சந்தேகப்பட்டாயா என்று கேட்க நினைத்தார். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

வெளியே வந்து சதாசிவத்தைக் கூப்பிட்டார். அவர் தயங்கித் தயங்கி, சுத்தியலைக் கையில் பிடித்தபடியே வந்தார். குமரப்பன் துணியைத் தூக்கி அட்டையைக் காட்டினார். தட்டளவு வெளிச்ச வட்டம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதில் மிளகு சிந்தியதுபோல் கரும்புள்ளிகள்.

"இதான் சூரியன்ணே. இந்தப் புள்ளியைத்தான் படம் எடுக்கறேன். குழாயில கண்ண வச்சா அவிஞ்சு போயிடும் லா."

சதாசிவம் வெகுநேரம் குனிந்து பார்த்தார். முகத்தில் கடுமை குறைந்தது. பிறகு நிமிர்ந்து தன் வீட்டைப் பார்த்தார்.

"கொஞ்சம் கீழ இறக்கினா எங்க வீடு தெரியுமா சார்?"

குமரப்பனால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியும்."

"நீங்க பாத்தீங்கன்னு நான் சொல்லலை. ஆனா ரெண்டு மாசமா எம்புள்ள ஞாயித்துக்கிழமை வெளிய வர்றதில்லை. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

தவறாக எதையும் பார்க்கவில்லை என்பது உண்மை. இத்தனை வாரமாக அந்தப் பக்கம் ஒரு பெண் நடமாடுகிறாள் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. முதலாவதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றுதானே இவரை அழைத்தோம் என்று எண்ணியபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

சதாசிவம் வேலிக்குத் திரும்பினார். அடுத்த தகரம் காற்றில் ஆடியது. குமரப்பன் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று சதாசிவம் சொல்லவில்லை. கடைசி ஆணி இறங்கும்வரை பிடியை விடவில்லை.

அன்றிரவு செகப்பி, "நான் அன்னைக்குப் பேசியிருக்கணும்," என்றாள். அவர் தலையசைத்தார்.

அதன் பிறகு சூரியன் உச்சிக்கு வந்து, குழாய் நேர் மேலே நோக்கும் நேரத்தில்தான் தொலைநோக்கியை வெளியே எடுத்தார். பெரும்பாலான நாட்களில் அதற்குள் மேகம் மூடிவிட்டது.

பாப்பா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவளும் அவரும் ஏறுவது ஒரே பஸ். ஒரு காலை நிறுத்தத்தில் அவளாகவே, "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் "ம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மறுநாளிலிருந்து அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய் அங்கே ஏறினார்.