ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

நாய்க்கு அரிப்பு வந்துவிட்டால் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். திருப்பதி கொர்லகுண்டாவில் பைக் மெக்கானிக் யோகேஷின் நாய் பூரிக்கு அரிப்பு வந்தபோதும் அப்படித்தான். பஞ்சர் கடை இஸ்மாயில் வேப்பெண்ணெய் என்றார். எதிர்வீட்டு வரலட்சுமி மஞ்சளும் தயிரும் என்றாள். யோகேஷ் இந்த இரண்டு பேரையும் மிஞ்சிய மேதாவி. பட்டறையில் வண்டியிலிருந்து வடித்துவைத்த கழிவு ஆயிலை எடுத்து நாயின் வயிறு முழுக்கப் பூசிவிட்டான். தெருநாய்க்குச் சொறி கண்டால் பட்டறைக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம் அது. பூரி அன்றைக்குப் பொழுதுக்கும் ஊளையிட்டது. வயிறு தக்காளி மாதிரி சிவந்துபோயிற்று.

அப்போதுதான் அவன் ரூபாவுக்குப் போன் செய்தான்.

ரூபா அவன் பெண்டாட்டி. கோபித்துக்கொண்டு சித்தூரில் இருப்பவள். பெரிய சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை கிடைத்தது அவளுக்கு. "ரெண்டு பேருமே அங்க போய்டலாம்யா, பட்டறைய அங்க போடு" என்று ஆசையாகத்தான் கேட்டாள். இவன் கையிலிருந்த ஸ்பானரைக் கூடக் கீழே வைக்காமல், "போறதுன்னா நீ போ" என்றான். அவள் போய்விட்டாள். போ என்று சொன்ன வாய் அப்புறம் வா என்று சொல்லவே இல்லை. நாக்கை என்ன வாடகைக்கா எடுத்திருந்தான்? சொந்த நாக்குதான். ஆனாலும் புரளவில்லை. மழைக்காலம் போய் வெயிலே வந்துவிட்டது.

நாய்க்கென்றால் மட்டும் நாக்கு புரண்டது. விஷயத்தைச் சொன்னதும் போனில் வெடித்தாள்.

"ஆயில் பூசினியா? யோவ், அறிவு கீதா உனக்கு? அது நாயா, வண்டிச் செயினா?"

மறுநாள் விடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றாள். இருவரும் பூரியைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா முதலில் ஆயிலைத் துடைத்து எடுத்தாள். பிறகு முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். உண்ணியும் இல்லை, பேனும் இல்லை. "இது எங்க போய்ப் புரளுது?" என்று கேட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை, அங்கே இடுப்பளவு பார்த்தீனியச் செடி. தெலுங்கில் அதற்கு வய்யாரிபாமா என்று சிங்காரமான பேர். பூரியின் வயிற்றைப் புண்ணாக்கியது அந்தச் சிங்காரிதான்.

"அந்தப் பக்கமே விடாதீங்க. வெளிய போய் வந்தா ஈரத்துணியால காலையும் வயித்தையும் தொடைங்க. மாத்திரை தரேன். வாரம் ஒரு தடவ இந்த ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டணும். சுடுதண்ணி ஆவாது, அரிப்பு ஏறும். நுரை பத்து நிமிஷம் தோல்லயே ஊறணும். ஒருத்தரால முடியாது, ஒருத்தர் புடிச்சிக்குங்க, ஒருத்தர் தேய்ங்க." இந்த வீட்டில் ஒருத்தர்தான் இருக்கிறார் என்பது டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்?

ரூபா ஷாம்பு பாட்டிலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கிழம வரேன்" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் சித்தூர் பஸ்ஸில் வருவாள். வாசலில் செருப்பை விடும்போதே, "தண்ணி வெச்சியா? ரொம்பக் காய வெக்கலியே?" என்பாள். விரலை விட்டுப் பார்ப்பாள். அவள் பூரியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, அவன் தேய்ப்பான். பிறகு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் யோகேஷ் வாரம் முழுக்க உயிரோடு இருந்தான். நுரைக்குள் அவள் விரல் இவன் விரலில் படும். இருவரும் எடுக்கமாட்டார்கள். அவள் தலைமுடியில் பழக்கூழ் வாசனை லேசாக அடிக்கும். பேச்சு மட்டும் நாயைப் பற்றித்தான். மாத்திரை துன்னுதா, கால் நக்குறது குறைஞ்சுதா. துவட்டி முடித்ததும் கிளம்பிவிடுவாள். அவள் துவட்டிய துண்டைப் போய் முகத்தில் வைத்துக்கொள்வான் அந்தப் பைத்தியக்காரன். நாய் நாற்றம்தான் வரும். அதற்குள்ளே அவளும் கொஞ்சம் இருப்பாள்.

நாளாக ஆகப் பூரிக்கு வயிற்றில் புதுமுடி வந்தது. ராத்திரியெல்லாம் வறட்டு வறட்டென்று சொறிகிற சத்தம் நின்றது. சந்தோஷப்பட வேண்டியவன் பயந்துபோனான். நாய் குணமாகிவிட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூரியைக் கூட்டிக்கொண்டு நடந்தவன், கால் போன போக்கில் அந்தக் காலி மனைக்கு வந்து நின்றுவிட்டான். கால் போன போக்கு என்று சொல்வதெல்லாம் சும்மா. தெரிந்துதான் வந்தான். செடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூ. பூரியின் கழுத்து வாரைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஒரு புரள் புரண்டால் போதும், இன்னும் ரெண்டு மாசத்துக்கு அவள் வருவாள். கை வாரைத் தளர்த்தியும் விட்டது. பூரி உள்ளே போகவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு இவன் முகத்தையே பார்த்தது, போகட்டுமா என்கிற மாதிரி. சீ, நான் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டு, வாரைச் சுருட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வந்ததும் வராததுமாகப் போன் போட்டான்.

"பூரிக்கு நல்லா ஆயிடுச்சி ரூபா. நீ இனிமே அலைய வேண்டியதில்ல."

"நல்லதாப் போச்சி" என்றாள். வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தண்ணீர் வைக்கவில்லை. பட்டறையும் திறக்கவில்லை. பூரிக்கு இதெல்லாம் தெரியுமா? பஸ் வருகிற நேரத்துக்குக் கேட்டருகே போய்க் காதை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டது. "வரமாட்டாடி, உள்ள வா" என்று யோகேஷ் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தான்.

கேட் திறந்தது. ரூபா.

"தண்ணி வெக்கலியா?"

"அதான் நல்லாயிடுச்சின்னு சொன்னனே."

"நல்லா கீற நாயி குளிக்கக் கூடாதா? எந்த டாக்டரு சொன்னது?"

அவன் விழுந்தடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் வைத்தான். நுரை போட்டதும் வழக்கம்போல, "புடிச்சிக்க, ஓடப் போவுது" என்றான்.

"இத்தப் புடிக்கணுமா?" ரூபா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். பூரி அசையாமல் நின்றது. "ஒரு மாசமாவே தானா நிக்குது. நான் சும்மா கைய வெச்சிகினு இருந்தேன். நீ பாக்கலியா?"

அவன் எங்கே நாயைப் பார்த்தான்? அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை. "வெள்ளிக்கிழம அந்தச் செடி வரைக்கும் இட்டுகினு போனேன்" என்றான். "மறுபடியும் அரிப்பு வந்தா நீ வருவியேன்னு. அப்பால மனசு வரல, திரும்பிட்டேன்."

"அடப்பாவி!" நுரைக் கையாலேயே அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "வான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு வாயில்லாத ஜீவனப் புண்ணாக்கப் பாத்தியே, நீ இன்னா மனுஷன்?"

யோகேஷ் தோளில் இருந்த அந்த நுரைக் கையை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"அடுத்த வாரம் நீ வராத. நாங்க வரோம், சித்தூருக்கு. அங்க பட்டறைக்கு எடம் பாக்கணும்."

ரூபா குனிந்து பூரியின் காதோரம் வழிந்த நுரையைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"அங்க மத்தியானத்துக்கு மேல கொழாயில தண்ணி வராது" என்றாள். "காலைலயே வந்துடுங்க, ரெண்டு பேரும்."