வியாழக்கிழமைக் குரல்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், மாடி ஏறினால் மட்டுமே மலை தெரிகிற ஒரு புது வீட்டில் டாக்டர் ரஹமத்துன்னிசா இருந்தார். கண் நரம்பு நோய் அவருடைய இரண்டு கண்களையும் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டிருந்தது. மகள் ரூபீனா பெங்களூரில். வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டது ஜோதியம்மாள்.

வியாழக்கிழமைகளில் டாக்டர் தசரதன் வருவார். ஓய்வுபெற்ற மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, தங்களைவிட மூத்த மருத்துவர்களை வாரம் ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டு வருவது என்று வைத்திருந்தார்கள். ஸ்டெதாஸ்கோப் எடுத்துப் போகக் கூடாது, மருந்து சொல்லக் கூடாது. "அங்க நீங்க டாக்டர் இல்ல சார், விருந்தாளி" என்று சொல்லி அனுப்பியது ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்ட டாக்டர் கீதாஞ்சலி. "மேடத்துக்கு ஞாபகம் கொஞ்சம் கம்மி. சொன்னதையே சொல்லுவாங்க. திருத்தாதீங்க, புதுசா கேக்கற மாதிரி கேட்டுக்குங்க."

அது பொய்யில்லை. டீ குடித்த கப் கையில் இருக்கும்போதே, "ஜோதி, டீ போடலியா?" என்பார் ரஹமத்துன்னிசா. ஒரு காலத்தில் அவர் ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியையே ஒற்றைப் பார்வையில் அடக்கி வைத்திருந்தவர். அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தசரதன், அவர் எதிரே வந்தால் வேறு வழியாகப் போய்விடுவார்.

இப்போது அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது தசரதனின் வேலை. முதலில் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள்.

"நான் பிரசவம் பார்த்தவன் எவனாவது எனக்கு முன்னாடி போயிட்டானா பாரு."

"ஒருத்தர் இருக்காருங்க மேடம். கீழ்பென்னாத்தூர். வயசு அம்பத்தெட்டு."

"அடப்பாவி. அவங்கம்மாவ ஒரு நாள் பூரா கத்த வெச்சிருப்பான். இவ்ளோ அவசரமாப் போறதுக்கா?"

தசரதன் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. ரஹமத்துன்னிசா தலையைச் சாய்த்துக் கேட்டார். மரக்குழலைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, உள்ளே எங்கோ ஓடுகிற சின்னஞ்சிறு இதயத்தைக் கேட்பதற்காகச் சாய்ந்து பழகிய தலை அது.

"தசரதா, உன் குரல்ல மணல் விழுந்திருக்கு. தொண்டைய யார்கிட்டயாவது காட்டு."

"தூசிங்க மேடம். தீபம் வருதில்ல, ஊரெல்லாம் ரோடு போடறாங்க."

அடுத்த வியாழக்கிழமையும் அவர் அதையே சொன்னார். அதற்கடுத்த வியாழக்கிழமையும். தசரதனுக்குக் கீதாஞ்சலி சொன்னது நினைவிருந்தது. ஒவ்வொரு முறையும் முதல்தடவை கேட்பவர் போலப் புருவத்தை உயர்த்தி, அந்தப் புருவம் மேடத்தின் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறந்து, "அப்படியாங்க? நான் கவனிக்கவே இல்லையே" என்றார். தன் பொறுமை அவருக்கே பிடித்திருந்தது. "வாராவாரம் அதே பாட்டும்மா" என்று போனில் கீதாஞ்சலியிடம் சொல்லிச் சிரித்தார்.

தீபம் முடிந்தது. தீபத்துக்குப் போட்ட மருத்துவ முகாமில் கூட்டத்தைப் பார்த்துக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது என்று புதுக் காரணம் சொன்னார்.

"மலை மேலேருந்து தீபக் கொப்பரையே இறக்கிட்டாங்க. உன் தொண்டையில இருக்கறது இன்னும் இறங்கலியே?" என்றார் ரஹமத்துன்னிசா. "சிகரெட் பிடிச்ச ஆளு நீ. இப்படி ஒரு பேஷண்ட் வந்தா சும்மா விடுவியா?"

"விட மாட்டேங்க மேடம்" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தார், குழந்தையைத் தட்டுவது போல.

பொங்கலுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை ரஹமத்துன்னிசா அதைச் சொல்லவில்லை. பேப்பர் முடியும்வரை பேசாமல் கேட்டார். கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வருவல்ல?" என்று மட்டும் கேட்டார். அதுவும் மறந்து போய்விட்டது போல என்று தசரதன் நினைத்துக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது.

பங்குனியில் கைக்குட்டையில் ரத்தம் வந்தது.

சென்னையில் பரிசோதித்த இளம் மருத்துவர், "எப்பலேருந்து சார் குரல் இப்படி?" என்று கேட்டார். தீபத்துக்கு முன்பிருந்து என்று தசரதன் சொன்னதும், அவர் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினார்.

"அப்பவே வந்திருந்தா கதிர்வீச்சோட முடிச்சிருக்கலாம் சார். குரலும் இருந்திருக்கும். இப்ப குரல்வளைய முழுசா எடுக்கணும்."

அறுவைச் சிகிச்சைக்கு முன்பு மனைவி தனம் போனை நீட்டினாள். "யார்கிட்டயாவது பேசணும்னா பேசிடுங்க." மகனிடம் பேசினார். தம்பியிடம் பேசினார். ரஹமத்துன்னிசாவின் எண்ணைக் கண்டுபிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் குரலில் அவரிடம் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது வரவில்லை.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை மறுபடியும் வேங்கிக்காலுக்குப் போனார். கதவைத் திறந்த ஜோதியம்மாள் கழுத்தில் இருந்த துணியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எழுதிக் காட்டச் சின்னப் பலகை ஒன்று அவர் பையில் இருந்தது. அதைக் கையில் எடுத்த பிறகுதான், யாரிடம் காட்டப் போகிறோம் என்று உறைத்தது.

"யாரு?" என்றார் ரஹமத்துன்னிசா.

தசரதன் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மூச்சு கழுத்துத் துளை வழியாக, ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்று போலப் போய் வந்தது. ரஹமத்துன்னிசா தலையைச் சாய்த்தார். முகம் மெல்ல மாறியது.

"தசரதா."

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசா எடுத்துட்டாங்களா?"

கையை அழுத்தினார்.

பிறகு ரஹமத்துன்னிசா, "ஜோதி, டீ போடலியா?" என்றார்.

"இப்பதானம்மா குடிச்சீங்க."

"பாத்தியா" என்றார் தசரதனைப் பார்த்து, கொஞ்சம் பக்கவாட்டில். "எனக்கு டீ மறக்கும். டீதானேப்பா. உன் தொண்டைய நான் மறந்து மறந்து சொன்னேன்னு நெனச்சியா?"

கையை அசைக்காமல் இருந்திருக்கலாம். இல்லை என்று பலகையில் எழுதி ஜோதியம்மாளை வாசிக்கச் சொல்லியிருக்கலாம். தசரதன் அழுத்தினார்.

ரஹமத்துன்னிசா கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பி அழுத்தவும் இல்லை.

"நீ போகல, அதான் சொன்னேன். போயிருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றார். "ஆனா நானும்தான் நிறுத்திட்டேன். தொணதொணன்னா நீ கோவிச்சுக்கிட்டு வராம போயிடுவியோன்னு. பிரசவ அறையில எத்தனை பேரைத் திட்டியிருக்கேன். உன்னைத் திட்டாம விட்டுட்டேன், பேப்பர் வாசிக்க ஆள் வேணும்னு."

தசரதன் தலையை ஆட்டினார். அது ரஹமத்துன்னிசாவின் கண்ணுக்குத் தெரியாது.

வெளியே பள்ளி வேன் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. மேசையில் பேப்பர் பிரிக்கப்படாமல் கிடந்தது. ரஹமத்துன்னிசா எதையோ தேடுவது போல மேசைமேல் விரல்களை ஓட்டி, அதைத் தொட்டு, அவர் பக்கம் தள்ளினார்.

"வாசி தசரதா."

மறந்துவிட்டாரா, தெரிந்தேதான் சொல்கிறாரா என்று தசரதனுக்குத் தெரியவில்லை. இந்த முறை அதை முடிவு செய்ய அவர் துணியவில்லை. பேப்பரைப் பிரித்தார். அஞ்சலிப் பக்கத்தில் விரலை வைத்து முதல் பெயரை வாசித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. கழுத்திலிருந்து மூச்சு வந்தது.

ரஹமத்துன்னிசா தலையைச் சாய்த்தபடி, "மெதுவா" என்றார்.