செவுள் முற்றாத குஞ்சுகள்

கடல்மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை எனக்கும் அண்ணனுக்கும் பொதுவானது. மீன்களைப் பார்ப்பது நான், விற்பது அவர். அன்று குஞ்சுகளை ஏற்றி அனுப்ப முன்கூட்டியே லாரியை வரவழைத்துவிட்டார்.

"இப்ப அனுப்ப முடியாதுண்ணா. செவுள் இன்னும் முத்தல."

"வாயைத் திறந்து திறந்து மூடுதே! மூச்சு விடாம பாட்டா பாடுது?"

பண்ணை வைத்திருப்பவர்கள் பலரும் இப்படித்தான் ஏமாந்துபோகிறார்கள். இந்த வயதில் செவுளுக்கு முதல் வேலை, உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றுவது. மூச்சுக்காற்றைப் பெரும்பாலும் தோல்தான் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. லாரியில் ஏற்றுவதற்காகத் தண்ணீர்ப் பைகளில் நெருக்கி அடைத்தால் தோலால் மட்டும் ஈடுகொடுக்க முடியாது.

அண்ணனை இழுத்துவந்து நுண்ணோக்கியில் பார்க்க வைத்தேன். செவுள் இழைகள் வெறும் மொட்டுகளாக இருந்தன. மூச்சுக்காற்றை எடுக்கும் மெல்லிய தகடுகள் அவற்றில் இன்னும் முளைக்கவில்லை.

"வழியில செத்தா சாகட்டும். லாரியில ஏத்தினதோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குஞ்சுகளைத் தண்ணீரோடு வெளியே எடுக்கும் வடிகால் குழாயை மறித்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எந்திரிடி. டிரைவர் சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும். செவுள் முத்தினதும் நானே ஏத்தி விடுறேன். அதுவரைக்கும் என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் குழாயைத் தொறக்கணும்."

"பங்கைப் பிரிச்சிடுவேன், பாத்துக்க."

"பிரிச்சுக்கங்க. இந்தத் தொட்டி என் பங்கு."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனார். லாரி காலிப் பைகளோடு திரும்பும் சத்தம் கேட்டது. அதன் பிறகும் நான் நாற்காலியை நகர்த்தவில்லை.