முனிசாமியின் போனும் சிட்டிபாபுவின் நெட்டும்

தாமல் முனிசாமிக்கு இந்த முறை ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு கிடைத்தே ஆகவேண்டும். இரண்டு தேர்தலாக அவர் பெயர் கடைசி நிமிடம் வரைக்கும் பட்டியலில் இருக்கும், பட்டியல் வெளிவரும்போது மட்டும் இருக்காது. முதல் தடவை சிரித்துக்கொண்டே போய், சீட்டு வாங்கியவனுக்குச் சால்வை போட்டுவிட்டு வந்தார். இரண்டாம் தடவையும் சிரிப்பெல்லாம் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்தவர் கழனிக்குப் போய், பம்ப்செட் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதார். கட்சிக்குப் பசை வாளி தூக்கிய காலத்திலிருந்து உழைத்த மனிதர், பாவம். சம்சாரம் ரேணுகாம்பாள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பி வந்தாள். நல்ல பெண்பிள்ளைதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

இப்போதெல்லாம் சீட்டு என்பது போனில் வருகிறது. மாவட்டச் செயலாளரைக் கட்சிக்காரர்கள் பெயர் சொல்லிப் பேசுவது கிடையாது, ‘மாவட்டம்’ என்பார்கள். மாவட்டம் வந்துட்டாரு, மாவட்டம் சாப்பிடறாரு, மாவட்டம் கோவமா இருக்குறாரு. இந்த மாவட்டத்துக்குச் சாதாரண போன் கால் என்றாலே அலர்ஜி. பேசுவதை எவனாவது பதிவு பண்ணி டி.வி.யில் போட்டுவிடுவான் என்று பயம். எதுவானாலும் வாட்ஸ்அப்பில் வீடியோ கால்தான். முகத்தைப் பார்த்தால்தான் எவன் புளுகுகிறான் என்று தெரியுமாம். அவரும் புளுகுவார், அது வேறு விஷயம்.

அதனால்தான் முனிசாமி, மாவட்டம் வைத்திருக்கிற அதே கம்பெனி, அதே மாடல், அதே நிறத்தில் ஒரு போனைத் தவணைக்கு வாங்கினார். வாங்கியது வீண்போகவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் மாவட்டம் அதைப் பார்த்துவிட்டு, “அட, நம்ம போனு!” என்று தோளில் தட்டினார். அன்றிலிருந்து முனிசாமி போனைச் சட்டைப் பையில் வைப்பதையே விட்டுவிட்டார். சாப்பிடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கையில்தான்.

அந்தப் போனில்தான் ஒரு நாள் காலை பச்சைக் கோடு விழுந்தது. திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரே கோடு. வேறு நிறமாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். எதிரணிக் கொடியில் பச்சை இருக்கிறது. டீக்கடையில் ஒருத்தன், “இன்னாண்ணே, அந்தப் பக்கம் போயிட்டீங்களா?” என்று கேட்டேவிட்டான். வாரண்டி இன்னும் முடியவில்லை. முனிசாமி அன்றைக்கே காஞ்சிபுரம் போய் சர்வீஸ் சென்டரில் போனைக் கொடுத்தார். அது சென்னைக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பச்சைக் கோடு இல்லை. புத்தம் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது.

சிம்மைப் போட்டார். திரையில் இங்கிலீஷில் என்னவோ வந்தது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடி அதுவே வந்தது.

கவுண்ட்டரில் இருந்த அனு என்கிற பெண் வாங்கிப் பார்த்தாள். “சார், இது லாக்ல இருக்குது. உங்க போனைச் சரி பண்ண முடியாம வேற செட்டு மாத்தி அனுப்பிட்டாங்க. இது ஏதோ வெளிநாட்டுக்குன்னு செஞ்ச செட்டு போல. அந்த ஊரு கம்பெனி சிம்மை மட்டும்தான் எடுக்கும்.”

“நான் எதுக்குமா அந்த ஊரு சிம்முக்குப் போறேன்? நான் தாமல்மா.”

“தெரியுது சார். கம்ப்ளைண்ட் போட்டுடறேன், வெய்ட் பண்ணுங்க.”

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது சார்,” என்றாள் அனு. பாவம், அவள் பொய் சொல்லத் தெரியாத பெண்.

கஸ்டமர் கேருக்குப் போட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. முக்கியம் என்றால் எடுக்கவேண்டியதுதானே! கடைசியில் ஒருவன் எடுத்து, “உங்க புகார் மேலிடத்துக்குப் போயிருக்கு சார், முடிவு அங்கதான்” என்றான். மேலிடம் என்ற சொல்லைக் கேட்டதும் முனிசாமிக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. பழக்கதோஷம். “சரிங்க தம்பி” என்று வைத்துவிட்டார்.

சிம் ரேணுகாம்பாளின் பட்டன் போனுக்குப் போனது. அந்தப் போன் வேட்டி மடிப்புக்குப் போனது. பெரிய போன் வழக்கம்போல் கையிலேயே இருந்தது, செத்த பாம்பு மாதிரி.

“ஏங்க, போனு கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா இன்னா குடி முழுகிடும்?” என்றாள் ரேணுகாம்பாள். “ஒரு நாள் சிரிப்பானுங்க, மறுநாள் மறந்துடுவானுங்க.”

“உனக்கு அரசியல் தெரியாது, சும்மா இரு. மாவட்டம் கையில வெச்சிக்கினு இருக்கிற போனு இது. இது சரியில்லன்னு நான் சொன்னா, அவரு போனு சரியில்லன்னு சொன்ன மாதிரி. அவரு போனு சரியில்லன்னா அவரே சரியில்லன்னு சொன்ன மாதிரி.”

“அப்போ அவரு சரியா?”

“மெதுவா பேசுடி!”

விடிவுகாலம் டீக்கடையில் பிறந்தது. சிட்டிபாபு என்று ஒருவன், முனிசாமிக்கு நாலைந்து வயது இளையவன். சென்னையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பங்களை வேனில் ஏற்றிக் காஞ்சிபுரம் பட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய் விடுவான். எந்தக் கடையில் கமிஷன் கூடவோ அந்தக் கடையில்தான் அசல் பட்டு கிடைக்கும் என்று சொல்லுவான். மற்றபடி அதிகம் பேசமாட்டான். சும்மா இருக்கும்போதும் லேசாகச் சிரித்தபடிதான் இருப்பான், தொழில் அப்படி. அவன்தான் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, சிம்மு எடுக்கலன்னா இன்னா? என் போனுல ஹாட்ஸ்பாட் போடறேன், உங்களுக்கு வாட்ஸ்அப் ஓடும்” என்றான். போட்டான். முனிசாமியின் போன் உயிர் வந்து கிணுகிணுவென்று அதிர்ந்தது. தேங்கிக்கிடந்த அத்தனை காலை வணக்கமும் மளமளவென்று வந்து விழுந்தன. முனிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“சிட்டி, இது நமக்குள்ளயே இருக்கட்டும்பா.”

“நான் யாருகிட்டண்ணே சொல்லப்போறேன்?”

சொன்னபடியே அவன் யாரிடமும் சொல்லவில்லை. வினையே அதுதான்.

சிட்டிபாபுவின் பழைய போனில் ஹாட்ஸ்பாட் ஏழெட்டு அடி தள்ளினாலே சுணங்கும். ஆகவே முனிசாமி எங்கே போனாலும் சிட்டிபாபுவும் போகவேண்டியிருந்தது. காரில் முன்சீட்டு அவனுக்கு. சாவு வீட்டில் முனிசாமி மாலை போட்டால் மாலையின் மறு முனையை அவன் பிடிப்பான். காதுகுத்தில் பக்கத்து இலை அவனுக்கு. ஏனாத்தூரில் ஒரு பொதுக்கூட்டம். மேடையில் முனிசாமிக்கு நாற்காலி, சிட்டிபாபு கீழே. போன் செத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் முனிசாமியே சண்டை போட்டு அவனுக்கும் மேடையில் நாற்காலி வாங்கிக் கொடுத்தார். மேடையில் உட்காருகிறவன் பூப்போட்ட சட்டையோடு இருந்தால் நன்றாக இருக்குமா? வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் எடுத்துக் கொடுத்ததும் அவரேதான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கால் வரும்போது என்ன நடந்தது தெரியுமா? மாவட்டத்திடமிருந்தோ வேறு பெரிய ஆளிடமிருந்தோ கால் வரும். உடனே எடுத்துவிட்டு நடுவில் படம் உறைந்துபோனால் மரியாதை கெட்டுவிடும். அதனால் முனிசாமி துண்டால் வாயை மூடிக்கொண்டு சிட்டிபாபுவின் காதில், “நெட் இருக்குதா?” என்று கேட்பார். சிட்டிபாபு தன் போனை எடுத்துப் பார்ப்பான். கொஞ்சம் யோசிப்பான். தலையாட்டினால் முனிசாமி எடுப்பார். ஏரிக்கரைப் பக்கம் டவர் சரியாக இருக்காது. அங்கே அவன் உதட்டைப் பிதுக்குவான், முனிசாமி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார், போன் அடித்து அடித்து ஓயும்.

ஊர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஊருக்குக் காது கேட்காது, கண் மட்டும் உண்டு.

“பாத்தியா? மாவட்டமே கூப்புடறாரு, சிட்டிபாபு வேணாம்னாரு, இவரு எடுக்கவே இல்லயே!”

“அந்த ஆளு தலையாட்டாம இவரு தும்மக்கூட மாட்டாருபா.”

சாயங்காலம் ஆனால் சிட்டிபாபுவின் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். ஆலோசனைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவன் குனிந்து, “அண்ணே, இன்னைக்கு இவ்ளோதான்” என்பான். முனிசாமி உடனே எழுந்து கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் கிளம்பினால் கூட்டம் கலைந்துவிடும். கூட்டத்தை முடித்துவைக்கிறவன் யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்புறமென்ன, ரேஷன் கார்டு, பட்டா, போர்வெல் என்று ஜனங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு நேராகச் சிட்டிபாபு வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். “நீ ஒரு வார்த்தை சொன்னா அண்ணன் கேப்பாருபா” என்றார்கள். “ஐயோ, நான் யாருங்க? என்கிட்ட ஒண்ணும் இல்லங்க” என்று அவன் மெய்யைத்தான் சொன்னான். எவ்வளவு தன்னடக்கம் என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

“உங்க கூடவே ஒருத்தரை வளத்து வுடறீங்க,” என்றாள் ரேணுகாம்பாள்.

“அவன் நெட்டுக்கு வரான்டி.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு?”

“மத்தவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே இவ்ளோ பாடு படறேன்!” என்று முனிசாமி எரிந்து விழுந்தார். தலையெழுத்து என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சர்வீஸ் சென்டரில் விசாரித்தபோதெல்லாம் மேலிடம் பரிசீலித்துக்கொண்டிருந்தது. கட்சியிலும் மேலிடம் பரிசீலித்துக்கொண்டிருந்தது. கட்சி மேலிடம் முந்திக்கொண்டது.

பட்டியல் வரும் நாள் காலையிலேயே முனிசாமி வீட்டு வாசலில் பந்தல். சரவெடி திண்ணைவரை நீட்டிக் கிடந்தது. மைசூர்பாகு தாம்பாளத்தில் அடுக்கியாகிவிட்டது. மாவட்டம், சீட்டு உறுதியானவர்களை மட்டும் தானே வீடியோவில் கூப்பிட்டு வாழ்த்துவார். கால் வந்தால் சீட்டு, வராவிட்டால் இல்லை. முனிசாமி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் சிட்டிபாபு லேசான சிரிப்போடு.

போன் அடித்தது. திரையில் மாவட்டம். கூட்டம் ஓவென்று கத்தி அடங்கியது. இரண்டு தேர்தலாக வராத கால்! இருந்தாலும் துண்டை வாயில் வைத்து, “நெட் இருக்குதாடா?” என்றார். சிட்டிபாபு பார்த்தான், யோசித்தான், தலையாட்டினான்.

“வணக்கம்ணே!”

“வணக்கம், வணக்கம். இன்னாய்யா முனிசாமி, பக்கத்துல சிட்டிபாபு இருக்காரா?”

“இருக்குறாருண்ணே, பக்கத்துலயேதான்.”

“அது எனக்குத் தெரியாதா! போனை அவருகிட்ட குடு.”

முனிசாமி கொடுத்தார். சரி, முதலில் அவனுக்கு ஒரு வணக்கம் சொல்லுவார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தார்.

“சிட்டிபாபு, தாமல் சீட்டு உங்களுக்குத்தான். மேலிடத்துல சொல்லிட்டேன்.”

சிட்டிபாபுவின் சிரிப்பு முதல்முறையாக நின்றது. “அண்ணே, அண்ணன் இருக்கும்போது நானு எப்பிடி…”

“இதான்யா அடக்கம்! ஊரெல்லாம் விசாரிச்சிட்டேன். உங்களைக் கேக்காம முனிசாமி என் காலைக்கூட எடுக்கறதில்லையாமே. ஏனாத்தூருக்கு அடுத்த கூட்டத்துல, மேடையில நானே கண்ணால பாத்தேன். வேலை செய்யறவன் ஒருத்தன், செய்ய வைக்கிறவன் ஒருத்தன். கட்சிக்கு ரெண்டாவது ஆளுதான் வேணும். போனை முனிசாமிகிட்ட குடுங்க.”

போன் திரும்பி வந்தது. முனிசாமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“முனிசாமி, வருத்தம் ஒண்ணும் இல்லியே?”

இந்தத் தடவை விடுவதாக இல்லை. மானம் போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார். “அண்ணே, ஒரே நிமிசம் கேளுங்க. என் போனு லாக்காயிருச்சுண்ணே. அவன் தலையாட்டுனதெல்லாம்…”

அதற்குள் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டான். யாருக்கு வாங்கியதோ, வெடி வெடிதானே. பையன்களும் பெரியவர்களுமாகச் சிட்டிபாபுவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனையை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். பத்தடி, இருபதடி. மாவட்டத்தின் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே உறைந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

முனிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மூச்சிரைக்க, போனை முன்னால் நீட்டிக்கொண்டு, “சிட்டி, நில்றா! டேய், நில்லுங்கடா!” என்று கத்திக்கொண்டு ஓடினார். வெடிச் சத்தத்தில் எவனுக்குக் கேட்கும்?

“பாரு, சீட்டு போனாலும் மொத ஆளா வாழ்த்த ஓடறாரு,” என்றான் ஒருவன். “பெரிய மனசுபா.”

கூட்டத்தை அவர் எட்டிப் பிடித்தபோது வட்டம் நின்று மாவட்டம் அசைந்தார். “இன்னாய்யா சொன்ன? கட்டாயிடுச்சு. வருத்தமான்னு கேட்டேனே?”

முனிசாமி நிமிர்ந்து பார்த்தார். தோள்களுக்கு மேலே, கழுத்து நிறைய மாலையோடு, சிட்டிபாபு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவனுக்கும். அண்ணன் எதற்கு ஓடி வந்தார் என்பது அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தன் போனை எடுத்துப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். நெட் இருக்கிறது என்று தலையாட்டினான்.

கூட்டம் மொத்தமும் சட்டென்று அடங்கி முனிசாமியைப் பார்த்தது. உத்தரவு கிடைத்துவிட்டது, இனிப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

“வருத்தம் ஒண்ணும் இல்லண்ணே,” என்றார் முனிசாமி.