மூஷானின் சட்டை

தைவானின் தைனான் நகரில் பாழாய்க் கிடந்த சர்க்கரைக் கிடங்கை நாங்கள் ஏழு பேர் கலைக்கூடமாக்கியபோது, அங்கே கரப்பான்பூச்சிகூட வராது என்றான் என் அண்ணன். ஆனால் ஆட்கள் வந்தார்கள். ராணுவச் சட்டம் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்த தீவு ஒரேயடியாகப் பேச ஆரம்பித்திருந்தது. மாதத்துக்கு ஒரு கண்காட்சி, தைபேயிலிருந்து ரயிலேறி வரும் விமர்சகர்கள். அவர்களில் சிலருக்குக் கலை தெரியும், மற்றவர்களுக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளத் தெரியும். என் வாய் அப்படி, என்ன செய்ய.

அந்த வருஷக் கடைசியில் நண்பன் கெங்ஷெங் வைத்தது ஒரே ஒரு பொருள். வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் அவன் அப்பாவின் சட்டை. பள்ளிக்கூட வாத்தியாரான அவரை வீட்டிலிருந்து பனியனோடு இழுத்துப் போனார்கள். சுட்டுவிட்டதாக ஒரு காகிதம் மட்டும் வந்தது. கெங்ஷெங் அப்போது வயிற்றில் இருந்தான்.

சட்டையைக் கேட்டதும் அவன் அம்மா, அவரைத்தான் கேட்கணும் என்றுவிட்டார். செத்தவர்களிடமும் சம்மதம் கேட்பது எங்கள் வழக்கம். ஊதுபத்தி ஏற்றி, யாரைக் கேட்கிறோம் என்று பெயரும் விலாசமும் சொல்லி, பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டைத் தரையில் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம். தொடர்ந்து மூன்று முறை அப்படி விழ வேண்டும்.

அம்மா உதட்டை மட்டும் அசைத்தார். பெயர் பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் மகனையும் கொண்டுபோய்விடுவார்களோ என்று நாற்பது வருஷமாகப் பயம். கட்டைகள் இரண்டும் கவிழ்ந்தன. மறுப்பு. மறுநாள் கேட்டபோதும் அதேதான். அம்மா சந்தைக்குப் போன நேரத்தில் கெங்ஷெங் சட்டையை எடுத்து வந்துவிட்டான். எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கண்காட்சித் திறப்பு நாளன்று பிற்பகல் அம்மா பஸ் பிடித்து வந்துவிட்டார். மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சட்டையின் முன் போய் மண்டியிட்டு ஊதுபத்தி ஏற்றினார். கூட்டம் வட்டம் கட்டிக்கொண்டது. சட்டையைக் கையோடு கொண்டுபோய்விடுவார் என்று கெங்ஷெங் முகம் வெளுத்து நின்றான்.

அம்மா வழக்கம்போல உதட்டை அசைத்தார். பிறகு நிறுத்தினார். சுற்றி நின்ற முகங்களை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாய் மூஷான். மாடோ ஊரு, கோயில் பின்தெரு, பதினேழாம் நம்பர் வீடு. உங்களத்தான் கேக்குறேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

அம்மாவின் வாயிலிருந்து அப்பா பெயரைக் கெங்ஷெங் கேட்பது அதுதான் முதல் தடவை. கட்டைகள் இரண்டும் கவிழ்ந்தன.

"அப்ப இங்கயே இருக்கீங்களா? இத்தன பேருக்கு நடுவுல?"

ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ஒரு கட்டை சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மல்லாந்து கிடந்தது. மற்றது கவிழ்ந்தே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூட்டம் கை தட்டியது.

எல்லாம் கெங்ஷெங் ஏற்பாடு செய்த நிகழ்த்துகலை என்று நினைத்துவிட்டார்கள். அற்புதமான முடிவு என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"அறிவிருக்கா உங்களுக்கு? இது நாடகமில்ல. அந்தம்மா செத்துப்போன புருஷனக் கேட்டுட்டிருக்காங்க."

கைகள் பாதியில் நின்றன. கெங்ஷெங் அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு, தரையில் நெற்றியை வைத்து அழுதான். அம்மா அவன் முதுகில் ஒரு கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"விடும்மா, தட்டட்டும். யாராவது அவர் பேரச் சொன்னா அக்கம்பக்கத்துல ஜன்னலச் சாத்துவாங்க. கை தட்டி நான் பாத்ததே இல்ல."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, பின்வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படியாக, பெயரையும் ஊரையும் வீட்டு எண்ணையும் இன்னொரு முறை சொன்னார்.