கீரை தொடாத வெர்லீன்

வெர்லீன் கீரையைத் தொட்டு ஒரு வருடமாகிறது. இதயத்தில் செயற்கை வால்வு, ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடுமாம். அன்று காலை கிளினிக்கிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

"மாத்திரை வேலையே செய்யலையாம். திருட்டுத்தனமா கொலார்ட் கீரை திங்கிறியான்னு கேக்குறான்டீ அந்த டாக்டர்!"

"ஞாயித்துக்கிழமை சர்ச் விருந்துல உன் கையைக் கட்டியா போட்டிருந்தாங்க?" என்று சீண்டினேன்.

"போடி இவளே! மோந்து பாத்துட்டு எந்திரிச்சு வந்தவ நான்."

எங்கள் வேலை இதுதான்: சுகாதாரக் கணக்கெடுப்புக்காரர்கள் வீடு வீடாகப் போய், ஜனங்கள் விழுங்கும் சத்து மாத்திரை டப்பாக்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். மேரிலாந்து அலுவலகத்தில் உட்கார்ந்து நாங்கள் எதில் என்ன, எவ்வளவு என்று கணினியில் ஏற்றுவோம். அதே பெயரில் கம்பெனிக்காரன் உள்ளே சரக்கை மாற்றினால், அதைப் புதுப் பதிவாக ஏற்றிப் புது நம்பர் போட வேண்டும். முன்பக்கத்தை நம்பாதே, பின்பக்கத்தைப் படி என்று புதியவர்களை வெர்லீன் விரட்டுவாள்.

மதியம் ஒஹாயோவிலிருந்து ஒரு படம் வந்தது. வெர்லீன் மேசையில் எப்போதும் இருக்கும் அதே நீலச் சத்து மாத்திரை டப்பா. அவள் ஏற்றிய பழைய பதிவில் கே கிடையாது. அதற்காகவே அதை வாங்குகிறாள். படத்தின் பின்பக்கத்தைப் பெரிதாக்கினேன். வைட்டமின் கே, எண்பது மைக்ரோகிராம்!

ஓடினேன். "வெர்லீன், அந்த டப்பாவைத் திருப்பு."

"எதுக்கு? நானே ஏத்தினது, எனக்கு மனப்பாடம்."

"திருப்புடீன்னா!" என்று கத்திவிட்டேன்.

திருப்பிப் படித்தாள். "ஏசுவே... தினமும் முழுங்குறேனேடி!"

டப்பா விழுந்து மாத்திரைகள் சிதறின. அதிர்ச்சியில் விட்டுவிட்டாள் என்று நினைத்து, மடச்சி நான், குனிந்து பொறுக்கினேன். நிமிர்ந்தால் அவள் வலது கையைத் தூக்கப் பார்க்கிறாள், அது எழும்பவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஐயோ, என் வெர்லீன்!

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள்.

மறுநாள் கட்டிலருகே அழுதுகொண்டு நின்றேன். குழறிக் குழறி ஏதோ கேட்டாள். குனிந்து காது கொடுத்தேன்.

"புது... நம்பர்... போட்டியா?"

"இன்னும் இல்லடி."

நன்றாயிருந்த இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினாள்.