ஒவீதியோவின் சிவப்பு

காபியை வாய்க்குக் கொண்டுபோகுமுன்னே யாமிலேயின் கண் திரைக்குப் போய்விட்டது. ஒவீதியோவின் சதுரம் இன்றும் சிவப்பு. பாரன்கியா நகரத்தின் அந்த அழைப்பு மையத்தில் ஆளுக்கொரு சதுரம் உண்டு. குரல் நடுங்குகிறதா, அழைப்புகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் மௌனம் என்றெல்லாம் மிஷின் கவனித்து நிறம் பூசும். பச்சை என்றால் நலம், மஞ்சளென்றால் கலக்கம். வாரம் முழுக்கச் சிவப்பென்றால் ஒரு மாதம் வீட்டில் ஓய்வு, வேண்டாமென்றாலும் விடமாட்டார்கள். மனநலப் பொறுப்பாளர் யாமிலே மாலைக்குள் ஆமென்று சொல்ல வேண்டும்.

அவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. ஒவீதியோ யார்? ஆட்டமும் முகமூடியுமான ஊர்த் திருவிழாவுக்கு மாதக்கணக்கில் நாளிருக்கும்போதே இடுப்பை ஆட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவன். மேலதிகாரிகளைக் கேலி செய்யும் நீள மூக்கு முகமூடியைக் கணினி மேலேயே மாட்டிவைத்திருப்பவன். அவனுக்கா மனசு சரியில்லை? மிஷினுக்குப் பித்துப் பிடித்ததா, இல்லை இவனிடம் ஏதாவது இருக்கிறதா? தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவன் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். விமானம் ரத்தானவர்கள் திட்டுவதற்கென்றே கூப்பிடும் வரிசை அது. ஒவீதியோவுக்குப் பக்கத்தில் நூரிஸ். அவள் சதுரம் ஒருநாளும் பச்சை மாறியதில்லை. சிறந்த ஊழியரென்று வாசலில் அவள் படம் தொங்குகிறது. தேன்போல் பேசிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே ஒவீதியோவின் மேஜையில் இரண்டு தட்டு தட்டினாள். அவன் அந்த அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் காதில் யாரோ கத்துவது யாமிலேவரை கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். நூரிஸ் அடுத்த அழைப்பை எடுத்தாள், அதே தேன் குரலில். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டு.

காபிக் குடுவைக்குப் பக்கத்தில் அவனை மடக்கினாள்.

"அந்தத் தட்டல் என்ன?"

"எந்தத் தட்டல் மேடம்?"

"எங்கிட்ட நடிக்காத. உன்ன ஒரு மாசம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுது மிஷின்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அனுப்பிடாதீங்க. நான் போயிட்டா நூரிஸ் தட்டுறதுக்கு மேஜை இருக்கும், ஆள் இருக்காது."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ தம்பி போன்ல கத்தியிருக்கான். இவ பட்டுனு வெச்சுட்டா. அன்னைக்கே பைக்ல அடிபட்டுப் போய்ச் சேர்ந்துட்டான். இப்ப ஆம்பளக் குரல் உசந்தா அவளால தாங்க முடியல."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொன்னா அவள வீட்டுக்கு அனுப்புவீங்க. அந்த வீட்டுல அவன் கட்டில் கெடக்கு."

வாசலில் நூரிஸின் படத்தை மாட்டியதும் யாமிலேதான், கைதட்டியதும் அவள்தான். வெட்கமாக இருந்தது.

"உனக்கு எப்படி இருக்கு, ஒவீதியோ?"

"எனக்கென்ன?" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "தூக்கமில்ல மேடம். படுத்தா யார் யாரோ காதுக்குள்ள திட்டுறாங்க."

மிஷின் பொய் சொல்லவில்லை. அதற்குத் தட்டல் மட்டும்தான் கேட்கவில்லை.

"போய் வெளியில காத்தாட உக்காந்து சாப்பிடு. நான் கூப்பிடுறவரைக்கும் உள்ள வராத," என்றாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவன் காதுச் சூடு அதில் இன்னும் இருந்தது. நூரிஸ் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மேஜையில் இரண்டு தட்டு. யாமிலே அழைப்பை இழுத்தாள். எவனோ ஒருவன் அவளையும் அவள் வம்சத்தையும் வாய்க்கு வந்தபடி வைதான். "சொல்லுங்க சார், கேக்குறேன்," என்றாள்.

பக்கத்தில் பெண்குரல் கேட்டு நூரிஸ் திரும்பினாள். யாரென்று கண்டதும் மேஜைமேல் கை அப்படியே நின்றது. யாமிலே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. நூரிஸின் காதில் அடுத்த அழைப்பு வந்து விழுந்தது.

"வணக்கம், நான்..." என்றாள் நூரிஸ். தன் பெயரைச் சொல்லக் குரல் வரவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஆளில்லாத அறையில், யாமிலேயின் திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் நூரிஸின் பச்சைச் சதுரம் மெல்ல மஞ்சளானது.